மாதவியின் மேடையில் தொடங்குங்கள்: புதியவர்களுக்குக் கணினியில் நாடக செட் வடிவமைக்கக் கற்றுத்தருவது எப்படி

கல்லூரி நாடகக் குழுக்களுக்கு செட் வகுப்பு எடுக்கப் போனால் ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். கணினியைத் திறந்த அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர் அரண்மனை கட்டியிருப்பார். தூண், மாடிப்படி, சரவிளக்கு எல்லாம் இருக்கும். "கதவு எவ்வளவு உயரம்?" என்று கேட்டால் முழிப்பார். அளந்து பார்த்தால் நாலரை அடி இருக்கும், இல்லாவிட்டால் பதினாலு அடி இருக்கும்.

பிள்ளைகளைக் குறை சொல்லிப் பயனில்லை. மவுஸ் சக்கரத்தை ஒரு சுற்று சுற்றினால் தீப்பெட்டி மாளிகையாகிவிடும், இன்னொரு சுற்றில் மாளிகை தீப்பெட்டியாகிவிடும். திரைக்கு அளவு என்பதே கிடையாது. அளவை நாம்தான் வெளியிலிருந்து உள்ளே கொண்டுபோக வேண்டும். இந்த வகுப்பில் நான் சொல்லித்தருவது பெரும்பாலும் இது ஒன்றைத்தான். மென்பொருளின் பொத்தான்களை அவர்களே நம்மைவிட வேகமாகக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

பத்துப் பதினைந்து மாணவர்கள், இரண்டு மணி நேரமாக எட்டு வகுப்புகள், ஒரு கணினி ஆய்வகம், நாடகம் நடக்கப்போகும் ஒரு ஹால். இவ்வளவு இருந்தால் போதும். பள்ளி, கல்லூரியில் நாடகம் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

எந்த மென்பொருள்?

இதில் அதிகம் யோசிக்க வேண்டாம். த்ரீடியில் வரைய உதவும் ஸ்கெட்ச்அப்பின் இலவசப் பதிப்பு பிரவுசரிலேயே ஓடும், ஒரு கணக்கு தொடங்கினால் போதும். விளக்கு வகுப்பு தவிர மற்றவற்றுக்கு இது தாராளம். ஒளியமைப்பைப் பார்க்க மட்டும் பின்னால் பிளெண்டர். இன்டர்நெட் அடிக்கடி போகும் ஆய்வகம் என்றால் ஸ்வீட் ஹோம் த்ரீடியை முன்கூட்டியே எல்லாக் கணினியிலும் போட்டுவையுங்கள். வீட்டு உள்ளலங்காரத்துக்காகச் செய்ததுதான், ஆனால் சுவர், கதவு, நாற்காலி வைத்துப் பழக அது போதும்.

தொழில்முறையில் வெக்டர்வொர்க்ஸ் ஸ்பாட்லைட் பயன்படுத்துகிறார்கள் என்று யாராவது விவரம் தெரிந்த மாணவர் சொல்வார். உண்மைதான். ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிடுங்கள்.

செயற்கை நுண்ணறிவில் படம் எடுத்து வருகிறவர்களும் இப்போது இருக்கிறார்கள். நிறம், மனநிலை பேச அந்தப் படங்கள் உதவும். செட்டாகக் கட்ட உதவாது. எனக்கு வந்த ஒரு படத்தில் படிக்கட்டு சுவருக்குள் போய் முடிந்திருந்தது, கதவுக்குப் பின்னால் இன்னொரு கதவு இருந்தது. அழகான படம்தான். அதில் ஓர் அளவுகூட இல்லை.

இரண்டு பேருக்கு ஒரு கணினி என்று வையுங்கள். ஒருவர் கையில் மவுஸ், மற்றவர் கையில் இஞ்சி டேப். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளட்டும். டேப் வைத்திருப்பவர் சும்மா இருக்கக்கூடாது. திரையில் வரும் ஒவ்வொரு அளவையும் அவர் எழுந்து நின்று காற்றில் நீட்டிக் காட்ட வேண்டும்.

முதல் வகுப்பு: கணினியைத் திறக்க வேண்டாம்

வகுப்புக்கென்று நானே எழுதிய பத்து நிமிடக் காட்சி ஒன்று வைத்திருக்கிறேன். ஒரு பழைய திண்ணை வீடு. அப்பா திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று வருடம் கழித்து மகள் பெட்டியோடு தெருவில் வந்து நிற்கிறாள். அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்க்கிறார். அப்பா ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போகிறார். மகள் திண்ணையில் உட்காருகிறாள். அவ்வளவுதான்.

இதைப் படிக்கக் கொடுத்துவிட்டு மூன்று கேள்வி கேட்பேன். யார் எங்கிருந்து வருகிறார்கள்? எதில் உட்காருகிறார்கள்? யார் யாரை எப்போது பார்க்கிறார்கள்? மூன்றாவது கேள்வியில்தான் சண்டை வரும். மகள் வந்ததை அம்மா பார்த்துவிட்டார், அப்பா இன்னும் பார்க்கவில்லை என்று ஒரு கணம் வேண்டுமா? வேண்டுமென்றால் கதவு எங்கே இருக்க வேண்டும், ஜன்னல் தேவையா? ஒரு வகுப்பில் அந்த ஜன்னலுக்காக இருபது நிமிடம் வாதாடினார்கள். நான் குறுக்கிடவில்லை. செட் வடிவமைப்பு அங்கேயே தொடங்கிவிட்டது.

அப்புறம் எல்லோரையும் ஹாலுக்கு அழைத்துப்போங்கள். முப்பது மீட்டர் டேப் ஒன்று, நோட்டு ஒன்று. அளக்க வேண்டியவை:

- மேடை வாயின் (பார்வையாளரை நோக்கித் திறந்திருக்கும் முன்பக்கத்தின்) அகலம், உயரம்
- முன்விளிம்பிலிருந்து பின்சுவர் வரை ஆழம்
- இரண்டு பக்க விங்குகளிலும் (நடிகர்கள் மறைந்து நிற்கும் ஓரங்களிலும்) உள்ள இடம்
- தரையிலிருந்து மேடையின் உயரம்
- விளக்குக் கம்பி எந்த உயரத்தில், எங்கே இருக்கிறது
- சாமான் உள்ளே வரும் வழியிலுள்ள ஒவ்வொரு கதவும், ஒவ்வொரு திருப்பமும்
- மின்விசிறி, பிளக் பாயின்ட், நடுவில் நிற்கும் தூண் மாதிரியான இடைஞ்சல்கள்

சாமான் வரும் வழியை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்பார்கள். என் கதையைச் சொல்வேன். ஆரம்ப காலத்தில் ஒரு கல்லூரி விழாவுக்கு 12 அடி நீளம், 6 அடி உயரத்தில் ஒரே சுவராக ஒரு தட்டியை, அதாவது சட்டத்தில் பலகையோ துணியோ அடித்த செட் சுவரை, செய்துவிட்டேன். கணினியில் பிரமாதமாக இருந்தது. மேடைக்குப் பின்னால் போகும் நடைபாதை 4 அடி அகலம், நடுவில் ஒரு முழுத் திருப்பம். திரும்பவே இல்லை. மாலை ஆறரைக்கு நாடகம், நாலு மணிக்கு நான் கையில் ரம்பத்தோடு நடைபாதையில் நின்றுகொண்டிருந்தேன். நடுவில் அறுத்து மேடையில் ஒட்டிய அந்தக் கோடு கடைசிவரை தெரிந்தது.

அளந்ததை அன்றைக்கே கிராஃப் தாளில் வரையச் சொல்லுங்கள். ஒரு சென்டிமீட்டர் ஓர் அடி என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது, நம் ஊர் ஹாலின் மேடை பெரும்பாலும் ஒரு தாளில் அடங்கிவிடும். நடுவில் ஒரு நடுக்கோடு போட வேண்டும். வலது, இடது என்று சொன்னால் பார்வையாளரைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது, இடது. இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் பாதிப் பேர் வீட்டைக் கண்ணாடியில் பார்த்த மாதிரி திருப்பிக் கட்டிவிடுவார்கள்.

இரண்டாவது வகுப்பு: மாதவியின் மேடை

ஸ்கெட்ச்அப்பைத் திறந்தவுடன் சொந்த செட்டுக்குப் போகவிடாதீர்கள். பழக்கத்துக்கு ஒரு வேலை கொடுங்கள். நான் கொடுப்பது சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் மாதவி ஆடும் மேடை.

தமிழ் வகுப்பில் படித்தபோது யாரும் இதை ஒரு தச்சுக் குறிப்பாகப் பார்த்திருக்கமாட்டார்கள். ஆனால் அது அச்சு அசலான தச்சுக் குறிப்பு. மலையில் வளர்ந்த மூங்கிலில் கணுவுக்குக் கணு ஒரு சாண் உள்ளதாகப் பார்த்து வெட்டி, இருபத்துநான்கு விரல் நீளத்துக்கு ஒரு கோல் செய்துகொள்கிறார்கள். அந்தக் கோலால் ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். மேடைப் பலகைக்கும் மேலே உள்ள உத்தரப் பலகைக்கும் இடையில் நான்கு கோல். வாயில் இரண்டு. மூன்று வகைத் திரை. இளங்கோவடிகள் முதலில் அளவுகோலைச் சொல்கிறார், அப்புறம் மேடையை, அப்புறம் விளக்கை, அதற்கப்புறம்தான் திரையை. நான் வகுப்பில் பின்பற்றும் வரிசையும் ஏறக்குறைய இதுதான்.

ஒரு விரலை ஓர் அங்குலமாக வைத்துக்கொள்ளலாம். அப்போது கோல் 2 அடி, மேடை 14 அடிக்கு 16 அடி, உயரம் 2 அடி, தலைக்கு மேல் 8 அடி. இன்றைக்கும் ஒருவர் தாராளமாக ஆடக்கூடிய மேடை.

இதைக் கட்டும்போது சில கருவிகளே போதும். தொடங்கும்போது அடி-அங்குலம் உள்ள டெம்ப்ளேட்டை எடுக்கச் சொல்லுங்கள். திரையில் ஒரு மனித உருவம் நின்றுகொண்டிருக்கும். முதல் வேலையாக அதை அழிப்பார்கள். அழிக்கவிடாதீர்கள். அவர்தான் இந்த வகுப்பு முழுவதற்கும் அளவுகோல்.

இனி, செவ்வகம் வரையும் 'ஆர்' விசையை அழுத்தி ஒரு மூலையைக் கிளிக் செய்து, மவுஸைச் சற்று இழுத்துவிட்டு, எந்தப் பெட்டியையும் தேடாமல் அப்படியே தட்டச்சு செய்ய வேண்டும்: 14',16' பிறகு என்டர். 'பி' விசையை அழுத்தினால் புஷ்-புல். பரப்பை மேலே இழுத்து 2' என்று தட்டி என்டர். மேடை எழுந்துவிடும். யாராவது அந்த ஒற்றைக் குறியை விட்டுவிட்டு வெறும் 14,16 என்று தட்டுவார்கள். பதினாலு அங்குல மேடை வரும், மனித உருவத்தின் காலடியில் ஒரு பலகை மாதிரி கிடக்கும். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புக்கு அப்புறம் குறியை மறக்கமாட்டார்கள்.

மேடை வந்ததும் மூன்று முறை கிளிக் செய்து முழுவதையும் தேர்ந்து, வலது கிளிக்கில் குரூப் ஆக்கச் சொல்லுங்கள். ஸ்கெட்ச்அப்பில் புதியவர்களை அழவைப்பது இந்த ஒரு விஷயம்தான். குரூப் ஆக்காத இரண்டு பொருள்கள் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். தூணை நகர்த்தினால் மேடைத் தரையும் கூடவே இழுபட்டு வரும், மாவு பிசைந்த மாதிரி. ஒரு பொருள் முடிந்ததா, உடனே குரூப். தண்ணீர் குடிக்கப் போவதற்கு முன்னால்கூட குரூப்.

தூண் எத்தனை என்று காதை சொல்லவில்லை. அது மாணவர்கள் முடிவு. இரண்டு வாயில் எங்கே? ஏழு கோல் முன்பக்கமா, எட்டுக் கோல் முன்பக்கமா? இப்படிக் கேள்விகள் தானாக எழும். ஒவ்வொருவர் மேடையும் வேறாக வரும், அளவு மட்டும் ஒன்றாக இருக்கும்.

மூன்றாவது வகுப்பு: நம் ஹாலை உள்ளே கொண்டுவருவது

இது சலிப்பான வகுப்பு. வேகமாக முடித்துவிடலாம். கிராஃப் தாளில் உள்ள ஹாலை அப்படியே கணினியில் கட்ட வேண்டும். இங்கே உதாரணத்துக்கு ஒரு சாதாரண ஹாலை எடுத்துக்கொள்வோம்: மேடை வாய் 24 அடி அகலம், 12 அடி உயரம், ஆழம் 18 அடி, மேடை உயரம் மூன்றரை அடி. நடுக்கோடும் முன்விளிம்பும் சந்திக்கும் புள்ளி, திரையில் மூன்று வண்ண அச்சுகளும் சந்திக்கும் புள்ளியில் இருக்கட்டும். பின்னால் எந்த அளவைச் சரிபார்க்கவும் இது உதவும்.

கட்டி முடித்த ஹாலை குரூப் ஆக்கி லாக் செய்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாள் கழித்து யாராவது செட் பொருந்தவில்லை என்று ஹால் சுவரைத் தள்ளிவைத்திருப்பார். நடந்திருக்கிறது. டேக் என்ற வசதியில் ஹால், செட், சாமான், ஆள் என்று நான்காகப் பிரித்துக்கொண்டால் வேண்டியதை மறைத்துவிட்டு வேலை பார்க்கலாம்.

ஒருவர் ஹாலைக் கட்டினால் போதும், மற்றவர்கள் அதை நகல் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எல்லோரையும் கட்டவைப்பதே நல்லது என்று நினைக்கிறேன். ஒரு முறை கட்டியவருக்கு அந்த ஹாலின் அளவு மனதில் நின்றுவிடும்.

நான்காவது வகுப்பு: வெள்ளைப் பெட்டிகள்

இப்போதுதான் திண்ணை வீடு. ஒரு விதி: இந்த வகுப்பில் நிறம் கிடையாது, மரத்தின் படம் கிடையாது, இணையக் கிடங்கிலிருந்து பொருள் எடுக்கக் கூடாது. சுவர் ஒரு வெள்ளைப் பெட்டி. திண்ணை ஒரு வெள்ளைப் பெட்டி. தூண் ஒரு கம்பம்.

முணுமுணுப்பார்கள். த்ரீடி வேர்ஹவுஸில் செட்டிநாட்டுக் கதவே கிடைக்கிறது அண்ணா என்பார்கள். அந்தக் கதவை எடுத்து வைத்தவுடன் வடிவமைப்பு நின்றுவிடும். கண் கதவின் செதுக்கு வேலையில் நிற்கும், கதவு எங்கே இருக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கமாட்டார்கள். இரண்டு வகுப்பு கழித்து எடுத்துக்கொள்ளட்டும்.

ஒரு சின்ன அளவுப் பட்டியலைக் கரும்பலகையில் எழுதிவைப்பேன். உட்காரும் உயரம் 18 அங்குலம், மேசை 30 அங்குலம், கதவு 3 அடிக்கு 7 அடி. படி ஒன்றுக்கு உயரம் 6 முதல் 7 அங்குலம், கால் வைக்க 10 அல்லது 11 அங்குலம். பிளைவுட் ஒரு ஷீட் 8 அடிக்கு 4 அடி. கடைசி அளவைப் பெரிதாக எழுதுங்கள். எல்லாமே நான்கின் மடங்கில் வந்தால் காசு மிச்சம்.

ஒவ்வொரு ஜோடியும் ஒரே வீட்டை மூன்று விதமாக அமைக்க வேண்டும். கதவு நடுவில், கதவு ஒரு பக்கம், வீடே சற்றுக் கோணலாக. ஒன்றுக்கு இருபது நிமிடம்தான். கணினியின் பெரிய உதவி இங்கேதான். அட்டையில் மாதிரி செய்தால் மூன்றாவதை யாரும் செய்யமாட்டார்கள். பெரும்பாலும் மூன்றாவதுதான் நன்றாக வரும்.

ஐந்தாவது வகுப்பு: நாற்காலியில் போய் உட்காருங்கள்

ஒரு மாணவி வாசலுக்கு முன்னால் மேடைத் தரையில் கோலம் போட்டிருந்தாள். கணினியில்தான். புள்ளி, இழை எல்லாம் சரியாக வர மூன்று மணி நேரம் ஆனதாம். மேலிருந்து பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது.

"முதல் வரிசையில் உட்கார்ந்து பாரேன்" என்றேன்.

கேமராவை ஓர் இடத்தில் நிற்கவைக்கும் கருவியை எடுத்து, ஹால் தரையில் முதல் வரிசை இருக்குமிடத்தில் கிளிக் செய்து, கண் உயரத்தை 3 அடி 8 அங்குலம் என்று தட்டினாள். உட்கார்ந்திருப்பவரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில் இருக்கும். மேடையோ மூன்றரை அடி. கண்ணும் மேடைத் தரையும் கிட்டத்தட்ட ஒரே மட்டம். கோலம் ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அவ்வளவுதான்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "கடைசி வரிசைக்குத் தெரியுமா அண்ணா?" என்றாள். போய்ப் பார்த்தோம். நம் ஊர் ஹால்களில் தரை சரிவாக இருப்பது அபூர்வம். பிளாஸ்டிக் நாற்காலிகளைச் சமதரையில் போடுவார்கள். முன்னால் பத்து வரிசைத் தலைகளை வைத்துப் பார்த்தால், திண்ணையில் உட்கார்ந்திருக்கும் அப்பாவே பாதிதான் தெரிந்தார். கோலத்தை விட்டுவிட்டு, வீடு முழுவதையும் ஓர் அடி உயரப் பலகை மேடையில் தூக்கிவைத்தாள். தெருவிலிருந்து ஏற இரண்டு படி வந்தது. அப்பா முழுதாகத் தெரிந்தார். மகள் அந்த முதல் படியில் கால் வைக்கலாமா வேண்டாமா என்று தயங்குவதற்கும் ஓர் இடம் கிடைத்தது.

மொத்தம் நாலு இடத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள்: முதல் வரிசையில் இரண்டு ஓரங்கள், கடைசி வரிசையின் நடு, விருந்தினர் சோபா. ஓர நாற்காலிகளிலிருந்து பார்த்தால் எதிர்ப்பக்க விங்குக்குள் நிற்பவர்கள் தெரிவார்கள். திறந்த கதவு வழியே வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வாளியும் ஒயரும் தெரியும். கதவுக்குப் பின்னால் இன்னொரு தட்டி வைத்து மறைக்க வேண்டும் என்பது அப்போதுதான் புரியும்.

இந்த நாலு பார்வையையும் ஸ்கெட்ச்அப்பில் சீன் என்று சேமிக்கலாம். பெயரில் மட்டும் குழப்பம் வரும். நாடகத்தில் காட்சியும் சீன், பழைய நாடகக்காரர்களுக்கு வரைந்த படுதாவும் சீன், இப்போது கேமராக் கோணமும் சீன். 'இருக்கை 1', 'இருக்கை 2' என்று பெயர் வைத்துவிடுங்கள்.

கேமராவின் பார்வைக் கோணத்தைப் பெரிதாக்கினால் சின்ன மேடை மைதானமாகத் தெரியும். படம் அழகாக வருகிறதென்று சிலர் இதைச் செய்வார்கள். தொடாமல் விடச் சொல்லுங்கள்.

ஆறாவது வகுப்பு: தரையில் டேப்

திரும்பவும் ஹாலுக்கு. ஸ்கெட்ச்அப்பில் மேலிருந்து பார்க்கும் பார்வைக்குப் போய், தூரத்தில் இருப்பது சிறிதாகத் தெரியும் பர்ஸ்பெக்டிவை நிறுத்தி, எல்லாம் ஒரே விகிதத்தில் தெரியும் பேரலலுக்கு மாற்றி, முக்கியமான அளவுகளைப் போட்டு ஒரு பிரின்ட் எடுங்கள். அதைப் பார்த்து மேடைத் தரையில் மாஸ்கிங் டேப்பால் வீட்டை முழு அளவில் வரையுங்கள். பலகைக்குப் பதில் டேப், தூணுக்குப் பதில் ஒரு நாற்காலி. பெட்டி மட்டும் நிஜமாக இருக்கட்டும், உள்ளே புத்தகம் போட்டுக் கனமாக.

பிறகு காட்சியை நடித்துப் பாருங்கள். ஒரு குழுவின் திட்டத்தில் திண்ணைக்கும் மேடை முன்விளிம்புக்கும் நடுவே 5 அடி தெரு இருந்தது. திரையில் தாராளமாகத் தெரிந்தது. மேடையில் அப்பா காலை நீட்டி உட்கார்ந்தவுடன் மூன்றடி ஆகிவிட்டது. புடவை கட்டிய மகள் பெட்டியோடு வந்து திரும்பினால் ஒரு கால் விளிம்புக்கு வெளியே. வீட்டை இரண்டடி பின்னால் தள்ளினார்கள். கதவு எந்தப் பக்கம் கீல் வைத்துத் திறக்க வேண்டும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. தவறான பக்கம் திறந்தால் அம்மா எட்டிப் பார்ப்பதைக் கதவே மறைத்துவிடும்.

கணினியில் பார்க்க முடியாத இன்னொன்று கனம். 1912இல் மாஸ்கோ ஆர்ட் தியேட்டரில் ஹாம்லெட் நாடகத்துக்கு எட்வர்ட் கார்டன் கிரெய்க் உயரமான, நகரும் திரைச்சட்டங்களை வடிவமைத்தார். சின்ன மாதிரியில் அவை சொன்னபடி நகர்ந்தன. மேடை ஒத்திகையில் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்ந்து விழுந்ததாக அந்தத் தியேட்டரின் இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி எழுதிவைத்தார். கிரெய்க் அப்படி நடக்கவில்லை என்று மறுத்தார். யார் சொன்னது சரியோ, வகுப்பில் நான் கேட்பது ஒன்றுதான்: இந்தத் தட்டியை எத்தனை பேர் தூக்க வேண்டும், பின்னால் எதில் முட்டுக் கொடுத்திருக்கிறாய்?

டேப்பை ஒட்டும்போதே அடுத்த நாள் யாராவது உரித்துவிடுவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூலைகளைப் போட்டோ எடுத்துவிடுவது நல்லது.

ஏழாவது வகுப்பு: விளக்கு

ஸ்கெட்ச்அப்பில் உள்ள நிழல் சூரியனின் நிழல். எந்த மாதம், எத்தனை மணி என்று தள்ளிப் பார்க்கலாம், மேடை விளக்கை வைக்க முடியாது. அதற்குத்தான் பிளெண்டர். 2019இல் வந்த 2.80 பதிப்பிலிருந்து ஈவீ என்ற வசதி இருக்கிறது. விளக்கை நகர்த்தினால் நிழல் உடனே நகரும், காத்திருக்க வேண்டாம். ஆய்வகக் கணினிகள் பழையதென்றால் புதிய பதிப்பு திறக்காமல் போகலாம். பிளெண்டர் தளத்திலேயே பழைய பதிப்புகளும் கிடைக்கும்.

ஸ்கெட்ச்அப்பில் செய்ததை எஸ்.டி.எல். கோப்பாக எடுத்துப் பிளெண்டரில் திறக்கலாம். அந்தக் கோப்பில் நிறமும் இருக்காது, அலகும் இருக்காது. வீடு மலை மாதிரியோ கடுகு மாதிரியோ வந்து நிற்கும். தெரிந்த ஓர் அளவை, கதவு 7 அடி என்பதை வைத்துச் சரிசெய்துகொள்ள வேண்டும். எனக்கு என்னவோ, திண்ணை, சுவர், இரண்டு தூண் இவ்வளவுதான் என்றால் பிளெண்டரிலேயே பெட்டிகளை வைத்துத் திரும்பக் கட்டிவிடுவது வேகம்.

பயிற்சி இதுதான். அறையின் பொது வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட அணைத்துவிட்டு ஒரே ஒரு ஸ்பாட் விளக்கை வையுங்கள். முதலில் நேர் முன்னால்: முகம் தட்டையாகிவிடும், வீடு ஒரு படம் மாதிரி ஒட்டிக்கொள்ளும். பக்கவாட்டில், மேலிருந்து நாற்பத்தைந்து பாகைக்குக் கொண்டுபோனால் தூண் உருண்டையாகும், அதன் நிழல் அப்பாவின் முகத்தில் விழும். இங்கே மாதவியின் மேடைக்குத் திரும்புவேன். தூணின் நிழல் வெளியே போய் விழும்படி விளக்கை வைத்தார்கள் என்று அந்தக் காதையே சொல்கிறது. "தூண் நிழல் புறப்பட மாண் விளக்கு எடுத்து". அதையே செய்து காட்டச் சொல்லுங்கள். விளக்கை நகர்த்தி நகர்த்தி நிழல் விங்குக்குள் போகும் இடத்தைக் கண்டுபிடிப்பார்கள். அந்த இடத்தில் நிஜ ஹாலில் விளக்குக் கம்பி இருக்கிறதா என்று உடனே நோட்டைப் பார்க்கவும் வேண்டும். பெரும்பாலும் இருக்காது. அப்போது நகர வேண்டியது தூண்தான்.

பிளெண்டரில் வரும் வாட் கணக்கும் நம் விளக்கின் மேல் எழுதியிருக்கும் வாட்டும் ஒன்றல்ல. 1000 வாட் விளக்கு என்று அதிலே 1000 போட்டுப் பார்த்து, ஹாலிலும் அப்படியே தெரியும் என்று நம்பவேண்டாம். நிழல் எங்கே விழுகிறது என்பதை நம்பலாம், வெளிச்சத்தின் அளவை நம்பக்கூடாது.

பிளெண்டர் ஓடாத ஆய்வகமா? சரி, விடுங்கள். கிராஃப் தாளின் அளவிலேயே, ஒரு சென்டிமீட்டருக்கு ஓர் அடியாக அட்டையில் வீட்டை வெட்டி ஒட்டி, அறையை இருட்டாக்கி, போன் டார்ச்சைப் பிடித்துப் பாருங்கள். அரைமணி நேரத்தில் அதே பாடம். கணினியே இல்லாமல் போனில் மட்டும் இருக்கும் மாணவர்களுக்கும் இது பொருந்தும்.

எட்டாவது வகுப்பு: தச்சரிடம் போகும் தாள்

முதன்முதலில் ஒரு த்ரீடி படத்தைப் பெருமையாகத் தச்சரிடம் நீட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லா இருக்கு தம்பி. எத்தனை தட்டி?" என்றார். இந்த வகுப்பு முழுக்க அந்தக் கேள்விக்கான பதில்தான்.

நம் வீட்டின் முன்சுவர் 16 அடி அகலம், 10 அடி உயரம். கணினியில் ஒரே சுவர். கட்டும்போது 4 அடிக்கு 8 அடியில் நான்கு தட்டி, அதன் மேல் 4 அடிக்கு 2 அடியில் நான்கு துண்டு. ஏன் 10 அடித் தட்டியாகவே செய்யவில்லை? பிளைவுட் 8 அடி. அதோடு ஏற்றிக்கொண்டு போகப்போவது குட்டியானை வண்டி. அதன் பின்பெட்டி சுமார் 7 அடி நீளம்தான். 8 அடி கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு போகலாம், 10 அடி ஆபத்து. ஒரு தட்டியில் 3 அடிக்குக் கதவு, இரண்டு பக்கமும் ஆறு ஆறு அங்குலம் மிச்சம்.

ஸ்கெட்ச்அப்பில் அந்தப் பெரிய சுவரை இப்போது உண்மையிலேயே எட்டுத் துண்டாக வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொன்றும் தனி குரூப், ஒவ்வொன்றுக்கும் பெயர். முன்பக்கப் பார்வை, பேரலல், டைமென்ஷன் கருவியால் அளவு, பிரின்ட். மேலிருந்து பார்க்கும் படம் ஒன்று, முன்பக்கப் படம் ஒன்று, துண்டுகளின் பட்டியல் ஒன்று. மூன்றே தாள். சட்டம் ரீப்பரா, மேலே பிளைவுட்டா காடாத்துணியா, டிஸ்டெம்பர் எந்த நிறம் என்பதைப் பட்டியலிலேயே எழுதிவிட வேண்டும். துணி என்றால் செலவு குறைவு, கனமும் குறைவு. ஆனால் கதவு இருக்கும் தட்டிக்குத் துணி ஆகாது, கதவைச் சாத்தும்போது வீடே ஆடும்.

அரண்மனைக்காரர்களுக்கு இங்கே ஒரு வழி இருக்கிறது. அவர்கள் ஆசையை நான் கேலி செய்வதில்லை. ஆர். எஸ். மனோகரின் புராண நாடகங்கள் பிரம்மாண்டமான செட்டுக்காகவே பேசப்பட்டவை, அந்த ருசி நம் ஊரில் பழசு. அரண்மனையைத் தட்டிக் கணக்கில் பிரித்து எழுதி வரட்டும். ஐம்பது தட்டி என்று வந்தவுடன் அவர்களே ஒரு தூணும் ஒரு சிம்மாசனமும் ஒரு படுதாவும் போதும் என்பார்கள்.

மதிப்பெண் போட வேண்டிய கட்டாயம் இருந்தால் படத்தின் அழகைப் பார்க்காதீர்கள். நான் செய்வது: மூன்று தாளையும் வேறொரு ஜோடியிடம் கொடுப்பேன். வரைந்தவர்கள் வாயே திறக்கக்கூடாது. தாளை மட்டும் பார்த்து அந்த ஜோடி தரையில் வீட்டை டேப்பால் வரைய வேண்டும். எத்தனை இடத்தில் நின்று சந்தேகம் கேட்கிறார்களோ அத்தனை மதிப்பெண் குறையும். முதல் முறை எல்லோரும் தோற்பார்கள். இரண்டாவது முறை தாள்கள் வேறு மாதிரி இருக்கும்.

தட்டிகள் வந்து இறங்கியதும் கணினியில் வைத்த அதே பெயரை, அ1, அ2 என்று, ஒவ்வொன்றின் முதுகிலும் மார்க்கரால் பெரிதாக எழுதுங்கள். மேல் எது கீழ் எது என்று ஓர் அம்புக்குறியும் போடுங்கள். கட்டும்போது தச்சர் ஏதாவது மாற்றியிருந்தால், கட்டாயம் மாற்றியிருப்பார், அதைக் கோப்பிலும் திருத்திச் சேமித்துவிடுங்கள். நாடகம் முடிந்த இரவு பிரிக்கும்போது எல்லோருக்கும் பசி, வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அ1க்குப் பக்கத்தில் அ2 என்று அடுக்கிவைக்க அந்த எழுத்து மட்டும்தான் அப்போது உதவும். அடுத்த வருடம் ஸ்டோர் ரூமைத் திறக்கும் புதிய மாணவர்களுக்கும் அதுதான் முதல் தடயம்.